சேறோடித் துளை

சுவருக்குள் மீன்தொட்டி ஒன்றைப் பதிப்பது என்று வீட்டில் முடிவானபோது எல்லோரும் மீனைப் பற்றிப் பேசினார்கள். குழாயைப் பற்றி அக்கறை கொண்டவர் அப்பா ஒருவர்தான். அவருக்கோ பேச்சு வராது.

சென்ற ஆண்டு ஆவணியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பாதியில் அடைப்பு. வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன, கூடவே சொல்லும் போயிற்று. நாம் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் விளங்குகிறது, தாம் நினைப்பதற்குரிய சொல்தான் அவர் கைக்கு அகப்படுவதில்லை என்று மருத்துவர் விளக்கினார். நகராட்சியின் குடிநீர் நீரேற்று நிலையத்தில் 33 ஆண்டுகள் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். கொள்ளிடத்து மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து நீரை ஏற்றி ஊருக்கு அனுப்பும் வேலை. மேலே வறண்ட மணலாகத் தெரியும் ஆற்றின் அடியில் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும், அந்த மணலே நீரை வடிகட்டித் தருகிறது என்பதையும் என் சிறுவயதில் அவர்தான் சொல்லித் தந்தார். இரவுப் பணி நாட்களில் சாப்பாட்டுத் தூக்கோடு போய் நிற்பேன். மோட்டார் அறையின் இரைச்சலுக்கு நடுவே அவர் ஒருவித அமைதியோடு உட்கார்ந்திருப்பார். ஒலியில் ஏதேனும் மாறினால் மட்டும் தலை உயரும்.

இப்போது அவருடைய அறைச் சன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். தொலைக்காட்சியை வெறுத்துவிட்டார். அதில் எல்லோரும் ஓயாமல் பேசுகிறார்கள், அதுவும் அவர் தொடர முடியாத வேகத்தில். மீன் வளர்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் இந்த இடத்தில் சமயம் பார்த்து உள்ளே நுழைந்தாள். தாத்தாவின் கட்டிலிலிருந்து பார்த்தால் நேரே தெரியும்படி, அவர் அறைக்கும் என் புத்தக அறைக்கும் இடைப்பட்ட ஒன்பது அங்குலச் சுவரில் தொட்டியைப் பதித்துவிடலாம் என்பது அவள் யோசனை. என் மனைவி ஒரேயொரு நிபந்தனை விதித்தாள். குழாய், வயர், நுரைப்பஞ்சு என்று எதுவும் கண்ணில் படக்கூடாது, எதுவும் காதில் விழவும் கூடாது. நோயாளியின் அறை மீன்கடை ஆகிவிடக் கூடாது என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் மீன்தொட்டியைப் பொறுத்தவரை கண்ணில் படாமல் வைக்க வேண்டிய அந்தப் பகுதிதான் தொட்டி. கண்ணுக்குத் தெரிவது வெறும் கண்ணாடி.

இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் வேதியியல் வேண்டும். தமிழாசிரியனுக்கு இது அந்நிய நிலம்தான், எனினும் பொறுத்தருள்க. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். நான்கு கண்ணாடிக்குள் போக வழியில்லை. தொட்டியில் மீன் சாவது பெரும்பாலும் பசியால் அல்ல, தன் கழிவில் தானே மூழ்கித்தான். நீர் சூடாகச் சூடாக, காரத்தன்மை ஏற ஏற, அதே அளவு அம்மோனியா மேலும் நஞ்சாகிறது. எங்கள் திருச்சி நீரும் வெயிலும் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1850-இல் இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர், ஒரு பாத்திரத்தில் பொன்மீனையும் நீர்ச்செடியையும் நத்தையையும் சேர்த்து வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும்போது நீரை மாற்றாமலே உயிர்கள் வாழும் என்று காட்டினார். 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் நிலைக்கச் செய்தது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-இலேயே ஒரு மீன் காட்சியகம் திறந்துவிட்டது. ஆனால் வாரிங்டனின் கணக்கில் ஓர் உறுப்பினர் விடுபட்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாதவர் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டியது 1890-ஐ ஒட்டித்தான். இதில் எனக்கு வியப்பானது வேறொன்று. இந்த இரண்டு வேலையையும் இரண்டு வகை உயிர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதே நூறாண்டுக்கு மேலாகப் பாடமாக இருந்தது. இரண்டையும் தானே முடிக்கும் ஓர் உயிர் உண்டு என்பதை 2015-இல்தான் கண்டறிந்தார்கள். அதைக் கண்ட இடங்களுள் ஒன்று மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டி! இலக்கியத்தில்தான் புதிய பாடபேதம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, வடிகட்டி என்ற சொல்லே சற்றுத் தவறானது. அழுக்கைப் பிடித்து வைப்பது அதன் சிறு வேலை. நுண்ணுயிர்களுக்கு ஒட்டிக்கொள்ள இடமும், அவற்றின் மீது ஓடிக்கொண்டே இருக்கும் உயிர்வளியுள்ள நீரும் தருவது பெரிய வேலை. நீர் நின்றால் அவை மூச்சுத் திணறும். பூட்டிய குடுவை போன்ற கேனிஸ்டர் வடிகட்டியைச் சுவர்த் தொட்டிகளுக்குப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அடக்கமானது, ஓசை குறைவு, அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் மின்சாரம் சில மணி நேரம் போனால் அந்த மூடிய குடுவைக்குள் இருக்கும் உயிர்வளி தீர்ந்து, உள்ளே இருப்பவை மடியத் தொடங்குகின்றன. மின்சாரம் திரும்பும்போது அந்த நாற்றநீரே தொட்டிக்குள் பாயும். நான் திறந்த அடித்தொட்டி முறையைத் தேர்ந்ததற்கு இதுவே முதற் காரணம்.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குச் சென்னை போனபோது ஒரு மாலை கொளத்தூருக்குப் போய் வந்தேன். வரிசை வரிசையாக வண்ணமீன் கடைகள். கடைக்காரர்கள் எல்லோரும் மீனைக் காட்டினார்கள். நான் ஒவ்வொரு கடையிலும் குனிந்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னை எப்படி எண்ணினார்களோ.

தொட்டியின் அளவு இது: நீளம் 120 செ.மீ., அகலம் 45, உயரம் 60. கண்ணாடி 12 மி.மீ. தடிமன். நீரும் மணலும் கண்ணாடியுமாக 400 கிலோவுக்குக் குறையாது. கொத்தனார் முதலில் மேலே லிண்டல் போட்டு, அது இறுகிய பிறகே சுவரைத் திறந்தார். திறப்பின் அடியிலும், அதைத் தாண்டி என் அறைக்குள் நீளும் பகுதியிலும் சேர்த்து ஒரே கான்கிரீட் பலகை, அதைத் தாங்க இரும்புச் சட்டம். அப்பாவின் அறைச் சுவரோடு முன்கண்ணாடி ஒட்டி நிற்கும். சுவரில் மாட்டிய படம்போல இருக்கும். பின்பகுதி முழுவதும் என் அறையில், நீர்படியாத ஒட்டுப்பலகையால் செய்த அலமாரிக்குள். மேல்மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் முழங்கை நுழைய ஓர் அடி இடம். இந்த ஓரடிக்காகத் தச்சரோடு மூன்று நாள் வாதிட்டேன். அழகுக்காக அவர் அதை நான்கு அங்குலமாக்கப் பார்த்தார். கை நுழையாத தொட்டியை யார் துடைப்பது?

பின்மூலையில் 15 செ.மீ. சதுரத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. தொட்டியின் மேற்பரப்பு நீர் அதன் பல்வரிசை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்து, குழாய் வழியே கீழே இறங்கும். கீழே அலமாரியின் அடித்தட்டில் 75 செ.மீ. நீளமும் 35 அகலமும் 38 உயரமும் கொண்ட இரண்டாவது தொட்டி. அதில் முதல் அறையில் நுரைப்பஞ்சு, நடு அறையில் நுண்துளைகள் நிறைந்த பீங்கான் வளையங்கள், கடைசி அறையில் பம்ப். அந்தப் பம்ப் நாலடி உயரத்துக்கு நீரை ஏற்றித் திரும்ப மேலே தரும். ஒரு மணி நேரத்தில் தொட்டி நீர் முழுவதும் நான்கைந்து முறை இந்த வட்டத்தைச் சுற்றிவிடும்.

முதுகலை மாணவர்களோடு புதுக்கோட்டைப் பக்கம் கல்வெட்டுப் பார்க்கப் போனபோது ஏரிகளில் குமிழித் தூம்புகளைக் கண்டிருக்கிறேன். வெளியே தெரிவது இரண்டு கல்தூண்கள் மட்டும். நீருக்கடியில் கற்பலகைகளால் அமைந்த ஒரு பெட்டி. அதன் மேல்மூடியில் நீரோடித் துளை, அடிப்பக்கத்தில் சேறோடித் துளைகள். மேல்துளையைத் திறந்ததும் நீர் சுரங்கத்துக்குள் பாய்கிறது. அந்த இழுப்பில் ஏரியடி வண்டலும் சேறோடி வழியே இழுபட்டு நீரோடு வயலுக்குப் போகிறது. நீரை மட்டும் எடுத்தால் ஏரி தூர்ந்துபோகும் என்று அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு. என் தொட்டியின் தடுப்புக் கண்ணாடியில், மணல்மட்டத்துக்குச் சற்று மேலே இரண்டு சிறு துளைகள் போடச் சொன்னேன். மேற்பரப்பு நீர் மட்டும் வழிந்தால் அடியில் தங்கும் எச்சம் அப்படியே கிடக்கும் அல்லவா? தொட்டி அமைக்க வந்த தம்பி என்னைச் சற்று விநோதமாகப் பார்த்தார். சேறோடி என்றேன். "அப்படின்னா சார்?" என்றார். விளக்கிச் சொன்னதும், துளை பெரிதானால் நீர் முழுவதும் அதன் வழியே போய் மேல்விளிம்பில் வழிவது நின்றுவிடும் என்று சரியாகவே சொல்லி, மிகச் சிறியதாகப் போட்டுக் கொடுத்தார். அதன் வாயில் வலையும் வைத்தார், மீன் போகாமலிருக்க.

அந்தத் தம்பி கெட்டிக்காரர். ஆனால் எல்லோரையும்போல அவரும் அப்பாவிடம் உரக்கப் பேசினார். பேச்சு வராதவருக்குக் காதும் கேட்காது என்று உலகம் எப்படியோ முடிவுகட்டி வைத்திருக்கிறது. "பெரியவரே! மீனு வரப்போகுது! மீனு!" என்று கத்துவார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். உறவினர்கள் இன்னும் ஒரு படி மேலே. அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் படர்க்கையில் விசாரிப்பார்கள். "சாப்பிடறாரா? தூங்கறாரா?"

நீர் நிரப்பிய அன்று அப்பா, தம்மைச் சக்கர நாற்காலியில் என் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்படி சைகை செய்தார். அலமாரிக் கதவைத் திறந்து வைத்தோம். அடித்தொட்டியையும் குழாய்களையும் அரைமணி நேரம் பார்த்தார். அவர் அந்த முகத்தோடு எதையும் பார்த்து மாதக்கணக்காயிற்று. பிறகு இடக்கையை நீட்டி மின்விசையைக் காட்டினார். அணை என்கிறார்.

"எதுக்கு ஆஃப் பண்ணணும்? இப்பதான் நல்லா ஓடுது" என்றார் தம்பி, உரத்த குரலில். அப்பாவின் விரல் மடங்கவில்லை.

பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி என்று எனக்கு அப்போது உறைத்தது. நீரேற்றும் குழாயின் வாய் தொட்டிக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருந்தது. அடிவரை நீரோட்டம் கிடைக்கட்டும் என்று அப்படி வைத்திருந்தார்கள். பம்ப் நின்ற கணமே அந்தக் குழாய் உறிஞ்சு குழாயாக மாறி, மேலேயிருந்து நீரைத் திரும்பக் கீழே இழுக்கும். வாய் வெளியே தெரியும்வரை நிற்காது. கணக்கிட்டால் 100 லிட்டருக்கு மேல். அடித்தொட்டியில் மிச்சமிருந்த இடம் 40 லிட்டர்தான். எஞ்சியது என் அறைத் தரைக்கு. தரையை ஒட்டிய கீழ்த்தட்டில்தான் பழைய பதிப்புகளை வைத்திருக்கிறேன்.

"அதுக்குத்தான் சார் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கேன்" என்றார் தம்பி. உண்மை, போட்டிருந்தார். அணைத்தும் காட்டினார். வால்வு பிடித்துக்கொண்டது. நான் நிம்மதியடைந்தேன். அப்பா தலையை அசைத்தார், இல்லை என்று. குனிய முயன்று முடியாமல், சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் உரசிக் காட்டினார். மணல். 33 ஆண்டுகள் ஆற்றுமணலோடு மல்லுக்கட்டிய மனிதர். ஒரு மணல்துகளோ பாசி இழையோ வால்வின் நாக்கில் சிக்கினால் அது முழுதாக மூடாது. மூடாத வால்வு, நள்ளிரவில், யாரும் விழித்திராத நேரத்தில் மின்சாரம் போகும்போதுதான் தன்னை வெளிப்படுத்தும்.

பிறகு அவர் விரலை உள்ளங்கை இல்லாத காற்றில் நிறுத்தித் திருகினார். வலக்கை எழவில்லை ஆதலால் உள்ளங்கையை நாம் கற்பித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்குப் புரியவில்லை. தம்பிக்குப் புரிந்துவிட்டது. குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு துளை. நீர் இறங்கத் தொடங்கியதும் அந்தத் துளை வெளிப்பட்டுக் காற்றை உள்ளே விடும், உறிஞ்சுதல் அறுந்துபோகும். நாக்கும் இல்லை, சுருளும் இல்லை, பழுதாக எதுவுமே இல்லாத வால்வு. துளையாக இருப்பதே அதன் வேலை.

தம்பி டிரில்லரை எடுத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலி அருகே குந்தி உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "ஐயா, எத்தனை எம்எம் போடட்டும்?"

அப்பா ஐந்து விரல்களை விரித்தார், மடக்கினார், பிறகு ஒரு விரலைக் காட்டினார்.

ஆறு மில்லிமீட்டரில் துளை போட்டு, தடுப்பு வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, மீண்டும் ஓடவிட்டு அணைத்தோம். மேலே 'களுக்' என்று ஓர் ஒலி. அடித்தொட்டியில் நீர் ஏறியது. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு விரற்கடை ஏறி நின்றது. விளிம்புக்கு இன்னும் அதே அளவு இடமிருந்தது. அந்த மட்டத்தில் கண்ணாடியின்மேல் ஒரு கோடு போடச் சொன்னார் அப்பா. கோடு இன்றும் இருக்கிறது, சிவப்பு மையில்.

ஓசை விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இறங்கும் குழாயில் நீரும் காற்றும் கலந்து விழுந்தால் கழிவறைத் தொட்டிபோலச் சத்தமிடும். ஒரே குழாய்க்குப் பதில் இரண்டு வைத்தோம். முதற்குழாயின் கீழே ஒரு கேட் வால்வு. அதைச் சிறுகச் சிறுக மூடினால், காற்று நுழைய இடமின்றிக் குழாய் முழுவதும் நீரே நிறைந்து ஒலியின்றி இறங்கும் ஒரு நிலை வரும். மிஞ்சும் சிறு நீர் சற்று உயரத்தில் உள்ள இரண்டாவது குழாய் வழியே கசியும். முதற்குழாயை எதாவது அடைத்துக்கொண்டாலும் இரண்டாவது தாங்கிக்கொள்ளும். அந்த நிலையைக் கண்டுபிடிக்கக் கைப்பக்குவம் வேண்டும். எனக்கு இரண்டு நாளாகியும் கைகூடவில்லை. அப்பா இடக்கையால் பத்து நிமிடத்தில் முடித்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு வந்த ஐந்து வாரங்கள்தான் கடினமானவை. நுண்ணுயிர்கள் குடியேறும்வரை மீன் விடக்கூடாது. தம்பி தம் கடைத் தொட்டியிலிருந்து பழகிய நுரைப்பஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார், தயிருக்கு உறை ஊற்றுவதுபோல. மீனில்லாத நீருக்குத் தினமும் ஒரு சிட்டிகை மீனுணவு போட்டோம், அது அழுகி அம்மோனியா தரட்டும் என்று. வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வெறும் தண்ணீருக்குச் சோறு போடும் குடும்பம் என்று ஒரு மாமா ஊரெல்லாம் சொல்லிவைத்தார். சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பது மகளின் பொறுப்பு. அம்மோனியாவின் பச்சை மங்கி மஞ்சளானது மூன்றாம் வாரத்தில். அதற்குள் நைட்ரைட்டின் ஊதா ஏறியது. அதுவும் ஒருநாள் வெளுத்தது. இவை எதுவும் தொட்டியைப் பார்த்தால் தெரியாது. அதே கண்ணாடி, அதே தெளிந்த நீர். உள்ளுறை உவமம் நடத்தும்போது இனி மாணவர்களை வீட்டுக்கு அழைத்து இந்த அலமாரியைத் திறந்துகாட்டலாம் போலிருக்கிறது.

அந்த ஐந்து வாரமும் அப்பா வெறும் நீரைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தார். குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் எதைப் பார்க்கிறார் என்று ஒருநாள் அவர் தலையணையருகே என் தலையை வைத்துப் பார்த்தேன். திரும்பி வரும் நீர் மேற்பரப்பில் எழுப்பும் சிறு சுழிப்பு, அதன் நிழல் மணலில் அசைவது. நீரோட்டத்தைப் பார்க்கிறார்.

மீன் என்னவோ கடைசியில் எளிதாக முடிந்தது. ஃபிலமென்ட் பார்ப் ஆறு வாங்கினோம். நம் தென்னாட்டு ஆறுகளிலேயே உள்ள கெண்டை இனம், வெயிலுக்கு அஞ்சாதது, வாலருகே ஒரு கரும்பொட்டு. கயல் என்றும் கெண்டை என்றும் இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவந்திருக்கிறேன். அதன் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது இப்போதுதான். உவமை சரியாகத்தான் இருக்கிறது.

சித்திரை வெயிலில் நீர் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் ஆவியானது. இந்த முறையில் மேல்தொட்டியின் மட்டம் குறையவே குறையாது. குறைவதெல்லாம் அடித்தொட்டியின் கடைசி அறையில்தான். ஓர் இரவு இரண்டு மணியிருக்கும். நான் அடுத்த அறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பாவின் அறையிலிருந்து ஒரு குரல்.

"காத்து."

கனவு என்று எண்ணினேன். மறுபடியும், எரிச்சலோடு: "காத்து! காத்து!" அலமாரியைத் திறந்தால் பம்ப் அறையில் நீர் அடிமட்டத்துக்குப் போய், பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கியிருந்தது. கதவைத் திறந்த பிறகுதான் அந்தக் கரகர ஒலி என் காதில் விழுந்தது. நீரேற்று நிலையத்தில் 'பம்ப் காத்து புடிச்சிருச்சு' என்பார்கள். எட்டு மாதங்களில் அவர் வாயிலிருந்து வந்த முதற்சொல்.

பேச்சுப் பயிற்சியாளரிடம் ஓடினோம். மகிழலாம், ஆனால் இதை வைத்து மேலும் சொற்கள் வரிசையாக வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள் என்றார். ஒரே சொல் அகப்பட்டு, எல்லாவற்றுக்கும் அதையே வழங்குவது இந்த நோயில் உண்டாம். அப்படியே ஆயிற்று. இப்போது மின்விசிறிக்கும் காத்து, காப்பிக்கும் காத்து, பேத்தியைக் கூப்பிடவும் காத்து. குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் பொருள் பிரிக்க வேண்டியிருக்கிறது. என் மனைவி அதில் என்னைவிடத் தேர்ந்துவிட்டாள்.

அடித்தொட்டிக்கு மேல்தட்டில் 20 லிட்டர் வாளி ஒன்றை வைத்து, மிதவை வால்வின் வழியே நீர் தானாக நிரம்பும்படி செய்திருக்கிறோம். மிதவை சிக்கிக்கொண்டு வாளி முழுவதும் இறங்கிவிட்டாலும் அடித்தொட்டி தாங்கும். வாளியின் அளவை அப்பாதான் கைவிரித்துக் காட்டித் தீர்மானித்தார். குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் முறி மருந்தும் இட்டே வாளியில் ஊற்றுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு நுரைப்பஞ்சை அலசும் நாள். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். அன்று அவர் நாற்காலி அலமாரிக்கு எதிரே வந்துவிடும், தம்பியும் கூப்பிடாமலே வந்துவிடுவார். குழாயில் அந்த ஆறு மில்லிமீட்டர் துளையைப் பாசி அடைத்திருக்கிறதா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பது முதல் வேலை. இரவில் 'காத்து' என்ற குரல் கேட்டால், எந்த ஏற்ற இறக்கமானாலும், நான் முதலில் பம்பைப் பார்த்துவிட்டுத்தான் வெந்நீர் கொண்டுபோகிறேன்.